மீன்தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர்: ஒரு ட்ரம், ஒரு மோட்டார், ஒரு குழாய்

காவிரி டெல்டாவில் எல்லா ஊரிலும் தண்ணீர் ஒன்றுபோல இருக்காது. ஆற்றங்கரையை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் கரிக்காது. கிழக்கே திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம் என்று கடலை நோக்கிப் போகப் போக வாயில் வைத்தாலே கரிக்கும். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் போரில் இரண்டு விதமாக வருவதும் உண்டு. கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ நகராட்சிக் குழாயோ வருகிற வீட்டில் உப்புத் தொல்லை குறைவு, ஆனால் குளோரின் இருக்கும். ஆற்றில் புதுத் தண்ணீர் கலங்கலாக வரும் நாட்களில் பிளீச்சிங் வாசனை தூக்கலாகவே அடிக்கும்.

அதனால், "மீன் வளர்க்க உப்பை வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர்தான் நல்லது" என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக ட்ரம் வாங்கக் கிளம்பாதீர்கள். பாதிப் பேருக்கு அது தேவைப்படாது. தேவைப்படுகிறவர்கள் தண்ணீரைச் சேர்த்து வைப்பது, அளவாகக் கலப்பது, அலுங்காமல் தொட்டிக்கு ஏற்றுவது ஆகிய மூன்றையும் எப்படிச் செய்யலாம் என்பதுதான் இங்கே விஷயம். நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: கலப்பதும் சரிபார்ப்பதும் ட்ரம்மிலேயே முடிந்துவிட வேண்டும். மீன் இருக்கிற தொட்டியில் வைத்து எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது.

முதலில் அளந்து பாருங்கள்

தண்ணீரில் கரைந்திருப்பதை ஒரு எண்ணாகக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. மெஷினில் வருவது, கடைக் கேன் என்று வீட்டில் இருக்கிற எல்லாத் தண்ணீரையும் ஒரே நாளில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சித்திரை வெயிலில் ஒரு முறையும் ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு ஒரு முறையும் போர் தண்ணீரை மறுபடி அளக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். அந்தத் தண்ணீர் கடைமடை வரை வந்து, வாய்க்கால் ஓடி, நிலத்தடியில் ஊறிய பிறகு சில ஊர்களில் எண் நன்றாகவே இறங்கும்.

போர் தண்ணீர் 500, 600 வரை இருந்து, நீங்கள் வளர்ப்பது கப்பி, மோலி, பிளாட்டி, கோல்டு ஃபிஷ் என்றால் ஆர்.ஓ. பக்கமே போக வேண்டாம். இவையெல்லாம் கடினத் தண்ணீரில் செழிக்கிற மீன்கள். மோலி உப்புத் தண்ணீரையே தாங்கும். நியான் டெட்ரா, கார்டினல், டிஸ்கஸ், ராம், சிலவகை இறால்கள் என்று போனால்தான் உப்பு குறைந்த தண்ணீர் வேண்டும். ஏஞ்சலும் ஃபைட்டரும் நடுவில் நிற்கிற ரகம். மீன் வாங்கும்போது கடைக்காரர் தொட்டியிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில் வந்திறங்கிய மீன், இங்குள்ள தண்ணீருக்கு இன்னும் பழகியிருக்காது.

ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. 900 என்று காட்டுவது சுண்ணாம்பாகவும் இருக்கலாம், கடல் உப்பாகவும் இருக்கலாம். அதற்குத்தான் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஜி.எச்., கே.எச். டெஸ்ட் கிட். ஜி.எச். என்பது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. கே.எச். என்பது தண்ணீரின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, திடீரென்று சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கிற கார்பனேட்டின் அளவு. ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தப் போகிறவருக்கு இந்தக் கிட் இல்லாமல் முடியாது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். இரண்டடித் தொட்டி (24 × 12 × 12) விளிம்பு வரை 57 லிட்டர். கல், மணல் போக 50 என்று வையுங்கள். வாரம் கால்வாசி மாற்றினால் 12, 13 லிட்டர்தான். இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு 20 லிட்டர் கேனும் ஒரு வாளியும் போதும், மோட்டாரெல்லாம் வீண் செலவு. மூன்றடித் தொட்டி (36 × 15 × 18) ஏறக்குறைய 160 லிட்டர், வாரம் 40 லிட்டர் மாற்ற வேண்டும். இங்கிருந்துதான் வாளி தூக்கி முதுகு பிடித்துக்கொள்ளும். அதற்கு அடுத்த வாரம் "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடத் தோன்றும். ட்ரம்மும் மோட்டாரும் அந்தச் சோம்பலுக்குத்தான் மருந்து.

வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் பெரும்பாலும் 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) மெம்ப்ரேன், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வு, இருக்கும். கணக்குப்படி நாளுக்கு 284 லிட்டர், அதாவது மணிக்கு 12 லிட்டர். வீட்டில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். 40 லிட்டர் சேர நாலைந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால் மாற்றுகிற நாளன்று காலையில் தொடங்கினால் ஆகாது, முதல் நாளே பிடித்து வையுங்கள். கழிவுத் தண்ணீர் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு வெளியேறும். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் நல்லதாக இருந்தால் தென்னைக்கும் விடலாம். உப்புக் கரிக்கிற ஊரில் கழிவு அதைவிட உப்பாக வரும், துளசி மாடத்துப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று: மெஷின் மேல் "பியூரிஃபையர்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு, யு.எஃப். வடிகட்டி மட்டும் உள்ள மெஷின் உப்பைக் குறைக்காது. ஆர்.ஓ. மெஷினிலும், குடிப்பதற்குச் சுவை வரட்டும் என்று டி.டி.எஸ். அட்ஜஸ்டர் வால்வோ மினரல் கார்ட்ரிஜோ வைத்திருப்பார்கள். அதனால் தவறில்லை, எண் மாறாமல் இருந்தால் சரி. சர்வீஸுக்கு வந்தவர் அந்த வால்வைத் திருகிவிட்டுப் போனால் நேற்று 60 காட்டியது இன்று 150 காட்டும். சர்வீஸ் முடிந்ததும் மீட்டரை எடுங்கள். கடைக் கேனுக்கும் இதே கதைதான், கம்பெனி மாறினால் எண்ணும் மாறும்.

ட்ரம் தேர்வு

மூடியுள்ள நீலம் அல்லது கறுப்பு ட்ரம், 60 முதல் 100 லிட்டர். வெளிச்சம் புகாததாக இருந்தால் பாசி பிடிக்காது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக். புதிது வாங்குவது நல்லது. பழசு என்றால் ஊறுகாய், பழக்கூழ் வந்த ட்ரம்மாக இருக்கட்டும். நம் பக்கம் வயலுக்கு வந்த பூச்சிமருந்து கேன்கள் தாராளமாகக் கிடைக்கும், எத்தனை முறை கழுவினாலும் அவை வேண்டவே வேண்டாம். ஆசிட், பினாயில், சோப்பு ஆயில் வந்ததும் அப்படியே. பிளாஸ்டிக் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல விடும். வெந்நீர் கொஞ்சம் ஊற்றி மூடி, கால் மணி கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஏதாவது வாசனை வந்தால் அது குப்பை போட வைக்கத்தான் லாயக்கு.

வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று கும்பகோணம் பித்தளை அண்டாவை எடுக்க நினைப்பவர்கள் உண்டு. குடிக்கிற தண்ணீருக்கு அது பெருமைதான், மீனுக்கு ஆகாது. உப்பெல்லாம் போன ஆர்.ஓ. தண்ணீர் உலோகத்தை எளிதில் கரைத்துக்கொள்ளும். செம்பு கொஞ்சம் கலந்தாலும் இறாலும் நத்தையும் செத்துப்போகும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய வாளி, பித்தளைக் குழாய் எதுவும் இந்த வழியில் குறுக்கே வரக் கூடாது. எவர்சில்வர் குடத்தில் பிடித்து ஊற்றலாம்.

ட்ரம் எங்கே இருக்க வேண்டும்? நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. தரையில் வையுங்கள், ஸ்டூல் மேல் வேண்டாம், பழைய வீட்டு மச்சில் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடியில் வைத்தால் மோட்டாரே தேவையில்லாமல் தானாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசியில் அந்தத் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். தொட்டித் தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியில், தொட்டி இருக்கும் அறையிலேயே ஒரு மூலையில் என்று வைத்தால் சூடு தானாகவே ஒத்துப்போகும்.

வைத்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை: அளவுள்ள பத்து லிட்டர் வாளியால் ஊற்றி, ஒவ்வொரு வாளிக்கும் ட்ரம் உட்பக்கம் நீர் நிற்கும் இடத்துக்கு நேராக வெளியே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நீல ட்ரம்மில் டார்ச் அடித்தால் நீர்மட்டம் தெரியும். கறுப்பாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலையோ குச்சியையோ உள்ளே விட்டு அதில் குறியுங்கள். பின்னால் எல்லாக் கணக்குக்கும் இந்தக் கோடுகள்தான் ஆதாரம்.

ட்ரம்மில் கலப்பது

வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் வாரா வாரம் மாற்றிக்கொண்டிருந்தால் கே.எச். கரைந்து போய், ஒரு நாள் பி.எச். சரிந்து மீன் மேலே வந்து தவிக்கும். அதில் திரும்ப ஏதாவது சேர்த்தாக வேண்டும். இதற்கு இரண்டு வழி.

போர் தண்ணீர் கரிக்காமல், சுண்ணாம்புக் கடினம் மட்டும் உள்ளதாக இருந்தால் அதையே கொஞ்சம் கலந்துவிடலாம். போர் 900, ஆர்.ஓ. 50, உங்களுக்கு வேண்டியது 200 என்று வையுங்கள். வேண்டியதிலிருந்து ஆர்.ஓ. எண்ணைக் கழித்தால் 150. போர் எண்ணிலிருந்து ஆர்.ஓ. எண்ணைக் கழித்தால் 850. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.176. 40 லிட்டருக்கு 7 லிட்டர் போர் தண்ணீர், 33 லிட்டர் ஆர்.ஓ. கலக்கிவிட்டு மீட்டரில் பாருங்கள், 200-ஐ ஒட்டி நிற்கும். போர் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரைக் கலக்கிறீர்கள் என்றால் அதற்கு மட்டும் ஆன்டி குளோரின் போட்டுவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

கரிக்கிற தண்ணீர் உள்ள ஊரில் இந்த வழி உதவாது. உப்பை எடுக்கத்தான் ஆர்.ஓ. போட்டோம், அதை மறுபடி ஊற்றுவானேன்? அங்கே கே.எச். ஏற்ற ஆப்ப சோடா போதும். 40 லிட்டருக்கு அரை டீஸ்பூன், அதாவது சுமார் 2.5 கிராம் போட்டால் கே.எச். ஏறக்குறைய 2 டிகிரி ஏறும். சலவை சோடா, பேக்கிங் பவுடர் இரண்டும் வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஜி.எச். ஏற்ற மீன் கடைகளில் பவுடர் விற்கிறார்கள். இறால் வளர்ப்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். சாதாரணத் தொட்டிக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, ஒரு துண்டை ஃபில்டரில் போட்டு வைக்கலாம். கழுவிய கிளிஞ்சலும் அதே வேலையைச் செய்யும். இரண்டுமே சுண்ணாம்பு, மெதுவாகக் கரைந்து ஜி.எச்., கே.எச். இரண்டையும் தூக்கும். மெதுவாக என்பதை மறக்க வேண்டாம், இன்று போட்டு நாளைக்கு எண் மாறாது.

கலந்ததும் காற்றுக் குமிழி விடும் ஒரு ஏர் ஸ்டோனை ட்ரம்முக்குள் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். சோடா சீராகக் கரையும், ஆர்.ஓ. தண்ணீரில் தங்கியிருக்கும் கரியமில வாயு வெளியேறும், ஆக்சிஜன் ஏறும். பி.எச். பார்ப்பதென்றால் மறுநாள் காலையில் பாருங்கள். பிடித்த உடனே பார்க்கும் எண்ணை நம்பி மருந்து ஊற்றக் கூடாது.

மோட்டார்

அரை ஹெச்.பி. மோட்டார் பற்றியெல்லாம் யோசிக்க வேண்டாம். தண்ணீருக்குள் முழுகி ஓடும் சின்ன சப்மெர்சிபிள் பம்ப், மீன் கடையில் கிடைப்பது அல்லது ஏர் கூலருக்குப் போடுவது, இதுதான் சரி. ஆர்.ஓ. மெஷினின் பூஸ்டர் பம்பைப் போடலாமா என்று கேட்பார்கள். அது அழுத்தம் தருமே தவிர அளவு தராது. 40 லிட்டருக்கு அரை மணிக்கு மேல் நிற்க வேண்டும்.

பெட்டி மேல் இரண்டு எண் இருக்கும். மணிக்கு எத்தனை லிட்டர் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அதிகபட்ச உயரம் எத்தனை மீட்டர் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தைத்தான். அந்த உயரத்தில் தண்ணீர் வருவதே நின்றுபோகும் என்பதுதான் அதன் பொருள். 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் 1.4 மீட்டரில் சொட்டிக்கொண்டிருக்கும்.

உங்கள் வீட்டில் ஏற்ற வேண்டிய உயரம் என்ன? ட்ரம்மில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து குழாய் நுனி வரை. ஸ்டாண்டு இரண்டரை அடி, தொட்டி ஒன்றரை அடி, குழாய் விளிம்புக்கு மேல் கொஞ்சம் என்றால் தரையிலிருந்து நாலேகால் அடி, ஏறக்குறைய 1.3 மீட்டர். ட்ரம் நிறைந்திருக்கும்போது பாதி உயரம்தான் ஏற்ற வேண்டும், விறுவிறுவென்று வரும். ட்ரம் காலியாகக் காலியாக உயரம் கூடி வேகம் குறையும். கடைசிப் பத்து லிட்டரில்தான் மோட்டாரின் குணம் தெரியும். அதனால் தேவையான உயரத்தைப்போல இரண்டு மடங்கு எழுதியிருக்கும் மோட்டாரை எடுங்கள். 1.3-க்கு 2.5 மீட்டர். மணிக்கு 1,500 லிட்டர் என்று போட்டிருக்கும் மோட்டார் பாதி உயரத்தில் ஏறக்குறைய பாதி தரும். 40 லிட்டருக்கு அதுவே நாலைந்து நிமிடம்தான்.

குழாய்க்கு, கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப் கச்சிதமாக இருக்கும். மோட்டாரின் வாய் என்ன அளவோ அதே அளவில் வாங்குங்கள். சின்னக் குழாயைச் சூடு பண்ணி இழுத்து மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் வேகம் போய்விடும். எங்கும் மடங்காமல் வளைந்து போகட்டும். வால்வு வைத்தால் பிளாஸ்டிக் வால்வு. பி.வி.சி. பைப் ஒட்டினால் பசை ஒரு நாள் காய்ந்து, நன்றாக அலசிய பிறகுதான் உபயோகம்.

இப்போது குழாய் நுனி. பலரும் அதைத் தொட்டித் தண்ணீருக்குள் முக்கி வைத்துவிடுவார்கள். மோட்டாரை நிறுத்திய கணமே, ட்ரம் கீழே இருப்பதால், தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கத் தொடங்கும். கவனிக்காவிட்டால் ட்ரம்மில் அழுக்குத் தண்ணீர், தொட்டியில் மீனுக்கு மூச்சு முட்டும் அளவுக்குத் தண்ணீர் குறைந்திருக்கும். கரண்ட் போனாலும் இதேதான் நடக்கும், நம் ஊரில் அதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. நுனியை நீர்மட்டத்துக்கு மேலே, தொட்டி விளிம்பில் ஒரு கிளிப் போட்டு உறுதியாக மாட்டுங்கள். கிளிப் இல்லாமல் விட்டால் தண்ணீர் வருகிற வேகத்தில் குழாய் துள்ளி வெளியே விழுந்து சுவரை நனைக்கும். நுனிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு மிதக்கட்டும், மணல் குழியாகாது.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. மோட்டார் வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், அப்போது வயர் வழியாக வடியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. வீட்டு மெயினில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதை மாட்டுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் ட்ரம்முக்குள்ளோ தொட்டிக்குள்ளோ கை விடக் கூடாது.

மாற்றுகிற நாள்

ஃபில்டரையும் மற்ற மின்சாதனங்களையும் நிறுத்துங்கள். லெவல் ட்யூபால் மணலை உறிஞ்சியபடி 40 லிட்டர் வெளியே எடுங்கள். இந்த அழுக்குத் தண்ணீர் செடிகளுக்கு நல்ல எரு. தொட்டிக் கண்ணாடியிலும் ஒரு கோடு போட்டு வைத்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். ட்ரம் தண்ணீரின் டி.டி.எஸ்., சூடு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள்.

பக்கத்திலேயே நில்லுங்கள். ஃபோன் வந்தது, வாசலில் ஆள் வந்தார் என்று நகர்ந்தால்தான் கூடம் குளமாகும். அதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு: எடுத்த அளவுக்கு மேல் ட்ரம்மில் தண்ணீர் வைக்காதீர்கள். 40 எடுத்தால் ட்ரம்மில் 40. மறந்தே போனாலும் தொட்டி வழிய வாய்ப்பில்லை. தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே ஓடினால் சூடேறிப் புகையும்தான், ஆனால் கூடம் நனைவதற்கு மோட்டார் போவது எவ்வளவோ மேல். இரண்டுமே வேண்டாம் என்றால் பிளக்கில் மாட்டும் டைமர் வாங்கி ஐந்து நிமிடம் வைத்துவிடுங்கள்.

இதுவரை போர் தண்ணீரில் ஓடிய தொட்டியை ஆர்.ஓ.-வுக்கு மாற்றுகிறவர்கள் அவசரப்படக் கூடாது. 800-ல் இருக்கும் தொட்டியில் கால்வாசியை எடுத்து 150-ஐ ஊற்றினால் ஒரே நாளில் 160 இறங்கும். முதல் சில வாரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். 800, 735, 677 என்று படிப்படியாக இறங்கட்டும். இடையில் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட, எதுவும் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும்.

மழைக்காலமும் மற்றவையும்

ஐப்பசி, கார்த்திகையில் மூடாத ட்ரம் கொசுவுக்கு விருந்து. டெங்கு பரப்பும் கொசு சுத்தமான தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். உள்ளாட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து பார்ப்பது இதைத்தான். கொசுப்புழு மீனுக்கு நல்ல தீனிதானே என்று விட்டுவைக்காதீர்கள். மூடியில் குழாயும் வயரும் போகும் ஓட்டையைச் சுற்றிக் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள்.

மழைத் தண்ணீரையே பிடிக்கலாமே என்றால், பிடிக்கலாம். அதுவும் உப்பில்லாத தண்ணீர்தான். முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள், மாடியில் கிடக்கும் தூசியும் காக்கை எச்சமும் போகட்டும். கடலோர ஊர்களில் புயல் காற்றோடு அடிக்கும் மழையில் உப்பும் கலந்து வரும், மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆர்.ஓ. தண்ணீருக்குக் கலக்கிற அதே சோடா, அதே கணக்கு இதற்கும்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் ஆர்.ஓ. மெஷினும் இல்லை. புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் ட்ரம்மை முழுக்க நிரப்பி, சோடா கலந்து வைத்துக்கொள்ளுங்கள். மூடி, இருட்டில் இருந்தால் சில வாரம் தாங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். அந்த நாட்களில் மீனுக்குத் தீனியைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டால் தண்ணீரும் மெதுவாகத்தான் கெடும்.

மாதம் ஒருமுறை ட்ரம்மைக் காலி செய்து உட்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் புதுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். சோப்பு வேண்டாம். லெவல் ட்யூபை ஒவ்வொரு முறையும் வடித்துவிட்டுத் தொங்கப் போட வேண்டும், உள்ளே தண்ணீர் நின்றால் பச்சை படியும். மோட்டாரின் முன்மூடியைக் கழற்றி உள்ளே சுழலும் விசிறியை எடுத்துக் கழுவ இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆர்.ஓ. எண் மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால் மெம்ப்ரேன் தேய்கிறது என்று அர்த்தம். குழாய்த் தண்ணீர் ஓடும் மெஷினில் முதலில் கார்பன் ஃபில்டரை மாற்றுங்கள். அது தீர்ந்துபோனால் குளோரின் நேராக மெம்ப்ரேனுக்குப் போய் அதை அரித்துவிடும்.